விண்டோஸ் 11க்கு மாறுவதா, பொறுப்பதா? ஒரு தட்டச்சுக் கடையின் மதிப்பீடு

திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில், நானும் தம்பி முறையான ஒருவரும் சேர்ந்து ஒரு சிறிய தட்டச்சுக் கடையை நடத்தி வருகிறோம். மாணவர்களின் ஆய்வேடுகள், ஒப்படைகள், திருமண அழைப்பிதழ்கள், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கான நினைவுமலர்கள் ஆகியவையே எங்கள் தொழில். கடையில் இரண்டு கணினிகளும் வீட்டில் ஒரு மடிக்கணினியும் உள்ளன. மூன்றும் விண்டோஸ் 10இல் இயங்கியவை. அந்தப் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டதால், விண்டோஸ் 11ஐ ஏற்றுவதா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே முடிவெடுக்க வேண்டி வந்தது. மூன்றுக்கும் ஒரே விடை கிடைக்கவில்லை என்பதே இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியது.

முதலில், ஊரில் உலவும் ஒரு பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆதரவு முடிந்தால் கணினி ஒருநாள் காலையில் இயங்காமலே போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்ட ஒருவரையும் அறிவேன். அப்படி எதுவும் நடப்பதில்லை. நிற்பது மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. விண்டோஸ் 7இன் ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. ஆயினும் குரோம் உலாவி அதனைக் கைவிட்டது 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தனது 110ஆவது பதிப்பை வெளியிட்டபோதுதான். பழைய பதிப்பிலேயே இருப்பவருக்குக் கதவு ஒரேயடியாக அடைக்கப்படுவதில்லை, ஒவ்வொரு மென்பொருளாக மெல்ல விலகிப் போகும்.

அப்படியானால் எதற்கு அவசரம் என்று கேட்கலாம். வீட்டில் ஒருவர் மட்டும் பாவிக்கும் கணினிக்கு நானும் அதையே கேட்பேன். எங்கள் கடையின் நிலைமை வேறு. ஒரு நாளில் எத்தனையோ மாணவர்களின் பென்டிரைவ்கள் எங்கள் முன்மேசைக் கணினியில் செருகப்படுகின்றன. அவை அதற்கு முன் எங்கெங்கு செருகப்பட்டன என்பது அவர்களுக்கே தெரியாது. அதே கணினியில்தான் வேறொருவர் தமது அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து இணையவழி விண்ணப்பம் நிரப்புகிறார். 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாக்ரை என்னும் தீநிரல் நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் மாதத்தில், வெளியிட்டிருந்தது. அகப்பட்டவர்களிற் பெரும்பாலானோர் திருத்தம் கையில் இருந்தும் போடாதவர்கள். திருத்தமே வராத ஒரு கணினியில் மற்றவர்களின் கோப்புகளைத் திறந்து காசு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முன்மேசைக் கணினி 2019இல் வாங்கியது. எட்டாம் தலைமுறை இன்ரெல் செயலி, 8 ஜிகாபைட் நினைவகம், எஸ்எஸ்டி வட்டு. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் எல்லாவற்றையும் அது தாண்ட வேண்டும். அந்தத் தகுதிகளுள் 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் வட்டும் பெரிய விடயங்கள் அல்ல. தடக்குவது மூன்று இடங்களில்: செயலியின் தலைமுறை, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, கணினி எழும்பும்போது நம்பகமான நிரல்களை மட்டும் ஓடவிடும் செக்கியூர் பூட் வசதி. இன்ரெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. மைக்ரோசொப்டின் பிசி ஹெல்த் செக் என்னும் இலவச மென்பொருளை ஓடவிட்டபோது எங்கள் கணினி தகுதியற்றது என்று விடை வந்தது. இந்த இடத்தில்தான் பலர் புதுக் கணினிக்கு விலை கேட்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஆனால் காரணத்தைப் பார்த்தால், சில்லு வசதி செயலியிலேயே இருந்தது. கணினி எழும்பும்போது முதலில் ஓடும் பயோஸ் அமைப்பில் இன்ரெல் பிடிடி என்ற பெயரில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வட்டும் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்ததால் செக்கியூர் பூட்டை இயக்க முடியவில்லை. விண்டோஸ் 10 உடனேயே வரும் எம்பிஆர்2ஜிபிடி என்னும் கருவி கோப்புகளை அழிக்காமல் வட்டை மாற்றிக் கொடுக்கிறது. மாற்றிய கையோடு பயோஸில் யூஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறையைத் தெரிவு செய்யாவிட்டால் கணினி எழும்பாது என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டும். வட்டில் ஏற்கெனவே பிட்லொக்கர் பூட்டுப் போட்டிருப்பவர்கள், பயோஸில் கைவைக்க முன்னர் அதன் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஒரு சதமும் செலவில்லாமல், அரைநாள் வேலையில், தகுதியற்றிருந்த கணினி தகுதி பெற்றது.

அடுத்த கேள்வி, எப்போது என்பது. இதைத்தான் நாங்கள் அதிகம் யோசித்தோம். ஆய்வேடு பிந்தினால் மாணவர் விரிவுரையாளரிடம் ஒருவாறு கதைத்துக்கொள்வார். அழைப்பிதழ் பிந்தினால் திட்டு விழும். நினைவுமலர் அப்படியல்ல. 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களின் கையில் கொடுக்கப்பட வேண்டிய புத்தகம் 32ஆம் நாள் ஒருவருக்கும் உதவாது. தேவாரமும் வம்சாவளியும் நன்றி நவிலலும் கடைசி மூன்று நாட்களில்தான் எங்கள் கைக்கு வந்து சேரும். படமோ அச்சுக்குப் போகும் தினத்தில் வரும். அந்த நேரத்தில் திரையில் நீல வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் என்ன பதில் சொல்வது? கடந்த நவம்பரில் ஒரு நாள் மாலை, தம்பியானவர், “அண்ணை, இப்ப ஒருத்தரும் இல்லை, போட்டு விடுவமோ?” என்று கேட்டபோது, “அந்தியேட்டிப் புத்தகம் ரெண்டு கிடக்குது, பொங்கல் லீவுக்குப் பாப்பம்” என்று மறுத்தேன். தைப்பொங்கலையொட்டி நான்கு நாட்கள் கடையைப் பூட்டுவது எங்கள் வழக்கம். ஏதும் பிழைத்தாலும் திருத்திக்கொள்ள அவ்வளவு அவகாசம் இருந்தது.

பெரிய இற்றைப்படுத்தல்களைக் கண்டு இப்படிப் பின்வாங்குவது வீண் பயம் என்று சொல்ல முடியாது. 2018 ஒக்டோபரில் விண்டோஸ் 10க்கு வந்த 1809 என்னும் பதிப்பு சிலருடைய சொந்தக் கோப்புகளை அழித்துவிட்டதால், மைக்ரோசொப்டே அதனைச் சில நாட்களில் நிறுத்தி, நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டது. முதல் வாரத்திலேயே ஓடிப்போய் ஏற்றியவர்கள் மட்டுமே அந்த அனுபவத்தைப் பெற்றார்கள். விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 ஒக்டோபர் 5இல். இன்று ஏற்றுபவர் நான்கு ஆண்டுகளாக மற்றவர்கள் இடறி விழுந்து செம்மையாக்கிய ஒன்றைத்தான் ஏற்றுகிறார். பிந்தியதில் எங்களுக்கு இந்த ஒரு நன்மை உண்டு.

இற்றைப்படுத்தலை நேரடியாக இணையத்தில் ஓடவிடாமல், முழு நிறுவலும் ஒன்றாக அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டோம். அது ஐந்து ஜிகாபைட்டுக்கும் மேற்பட்டது. இரவு நேரத் தரவில் இறக்கினால் பகல் பொதி மிஞ்சும், ஒரு முறை இறக்கியதை வேறு கணினிகளுக்கும் பாவிக்கலாம். ஆனால் முதல் இரவு வீணானது என் கவனக்குறைவால். கணினியில் இருந்தது அமெரிக்க ஆங்கிலப் பதிப்பு. நான் இறக்கியது இங்கிலிஷ் இன்ரநஷனல். மொழி மாறினால், மென்பொருள்களை அப்படியே வைத்திருக்கும் தெரிவு நிறுவலின்போது கிடைக்காது. நல்ல வேளையாக அந்தத் தெரிவு சாம்பல் நிறத்தில் கிடப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டேன். மறுநாள் இரவு சரியான கோப்பை இறக்கி, எல்லாவற்றையும் வெளி வட்டொன்றில் பிரதி எடுத்து, யூபிஎஸ்ஸின் பற்றறி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்றும் சோதித்த பின்னரே தொடங்கினோம். ஒன்றரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. மின்சாரமும் அன்று நின்று கொடுத்தது.

இனிப் பொருளைப் பற்றி. முகப்பில் சின்னங்கள் நடுவுக்கு வந்துவிடுவது முதல் நாள் எரிச்சலூட்டும். அமைப்புகளில் இடப்பக்கம் தள்ளிவிடலாம். பணிப்பட்டையையே திரையின் மேலே வைக்கப் பழகியவர்களுக்கு நாங்கள் ஏற்றிய பதிப்பில் அந்த வசதி இல்லை. கோப்பின் மேல் வலது பக்கச் சொடுக்குப் போட்டால் வரும் பட்டியலில் பாதியை ஒளித்து வைத்திருப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை; நாளுக்கு நூறு தரம் அதைத் திறக்கும் எங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சொடுக்கு வீண். 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வேர்ட்பேட் நீக்கப்பட்டுவிட்டது. சிறிய கடிதங்களுக்கு அதை நம்பியிருந்தவர்கள் மாற்றுத் தேட வேண்டும். மறுபக்கத்தில், கோப்புறைகளை உலாவியைப் போலத் தத்தல்களாகத் திறக்க முடிவதும், இரண்டு ஆவணங்களைத் திரையில் பக்கம் பக்கமாக ஒரு நொடியில் நிறுத்த முடிவதும் மூலப்பிரதியைப் பார்த்துத் தட்டச்சுச் செய்பவருக்கு உண்மையான உதவி. வேகத்தில் பெரிய மாற்றம் ஒன்றையும் நான் காணவில்லை. ஆனால் 8 ஜிகாபைட்டுக்குக் குறைந்த நினைவகத்தில் இதை ஏற்றுமாறு எவருக்கும் சொல்லமாட்டேன். 4 போதும் என்பது தாளில் மட்டுமே உண்மை.

எழுத்துருக்கள் பற்றித்தான் எனக்குக் கூடுதலான கவலை இருந்தது. பாமினி என்னும் எழுத்துருவில் தட்டச்சான பழைய கோப்புகள் எங்களிடம் ஏராளம். எழுத்துரு தொலைந்தால் அவை திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். மேம்படுத்திய பின் திறந்து பார்த்தபோது பாமினி இருந்த இடத்திலேயே இருந்தது, வேர்ட் கோப்புகள் பிசகின்றித் திறந்தன. ஆபிஸ் 2016க்கான ஆதரவும் அதே ஒக்டோபர் 14இல் முடிந்திருந்தாலும் அது வழமைபோல் ஓடுகிறது. பிசகியது பிறிண்டர். எங்கள் பழைய லேசர் பிறிண்டர் அச்சடித்தது, ஆனால் தாளின் இரு பக்கமும் அச்சிடும் தெரிவு காணாமற் போயிருந்தது. உற்பத்தியாளர் அந்த மாதிரிக்குப் புதிய டிரைவர் தரவில்லை. விண்டோஸ் 10க்கான டிரைவரையே நீக்கி மீண்டும் நிறுவியபின் சரியாகிவிட்டது. இதுவே ஒரு வேலை நாளில் நடந்திருந்தால் 120 பக்க ஆய்வேட்டைக் கையால் புரட்டிப் புரட்டி அடித்திருப்போம்.

திரும்பிப் போக வழி உண்டா என்றால், உண்டு. 10 நாட்கள் மட்டும். பழைய விண்டோஸ் ஒரு கோப்புறையில் வைக்கப்பட்டிருக்கும், அமைப்புகளில் மீட்பு என்ற பகுதியிலிருந்து பழைய பதிப்புக்குத் திரும்பலாம், அதன் பின் அது தானாக அழிந்துவிடும். டிஸ்ம் என்ற கட்டளையால் இந்த அவகாசத்தை 60 நாட்கள் வரை நீட்டலாம். ஆனால் முதற் பத்து நாட்கள் முடிய முன்னரே நீட்ட வேண்டும். நாங்கள் 60 ஆக்கிக்கொண்டோம். வட்டில் இடம் பிடிக்கிறது, பரவாயில்லை.

இரண்டாவது கணினிக்கு முடிவு நேர்மாறானது. அது பாவித்த நிலையில் வாங்கிய ஆறாம் தலைமுறை இன்ரெல். நினைவுமலர்களும் அழைப்பிதழ்களும் அதில்தான், பேஜ்மேக்கர் என்னும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பக்கமாக்கப்படுகின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல் என்பதை அறிந்தவர்களுக்கு எங்கள் தயக்கம் விளங்கும். செயலியே தகுதி பெறாததால் முறையான வழியில் விண்டோஸ் 11 அதில் ஏறாது. தகுதிச் சோதனையைத் தாண்டிப்போகும் வழி ஒன்றைச் செய்து தருவதாக ஒரு திருத்துநர் முன்வந்தார். தகுதியற்ற கணினிகளுக்கு இற்றைப்படுத்தல்கள் வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசொப்டே சொல்லியிருக்கும்போது, பாதுகாப்புக்காக மாறுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அந்த வழியில் போவதில் பொருளில்லை. விண்டோஸ் 10க்கே நீடித்த பாதுகாப்புத் திருத்தங்களைக் காசு கட்டிப் பெறலாம். ஆனால் தொழில் நடத்துவோருக்கு முதலாண்டில் கணினி ஒன்றுக்கு 61 டொலர், அடுத்த ஆண்டு அது இரட்டிப்பு, மூன்றாம் ஆண்டு மீண்டும் இரட்டிப்பு. டொலரை 300 ரூபா என்று வைத்துக்கொண்டாலே முதலாண்டுக்கு 18,000 ரூபாவுக்கு மேல்; மூன்று ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் அந்தக் கணினியை விற்றாலும் அவ்வளவு வராது. ஆகவே அதன் இணைய வயரைக் கழற்றிவிட்டோம். வாடிக்கையாளரின் பென்டிரைவ் எதுவும் அதில் செருகப்படக்கூடாது. முன்மேசைக் கணினியில் சோதித்த கோப்புகள், கடைக்கென்றே வைத்திருக்கும் ஒரு சிவப்புப் பென்டிரைவில் மட்டும் அதற்குப் போகும்.

வீட்டு மடிக்கணினியும் தகுதி பெறாத ஏழாம் தலைமுறை. தனிப்பட்ட பாவனைக்கான நீடிப்பு 30 டொலர். அல்லது மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை மேகக் கிடங்கில் பிரதி எடுக்கச் சம்மதித்தால் இலவசம். உயர்தரம் படிக்கும் மகள் இரண்டாவதைத் தெரிவு செய்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். அது 2026 ஒக்டோபர் 13 வரை செல்லும். அதற்குள் அதில் லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்பது அவளுடைய யோசனை. இப்போதைக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை, பென்டிரைவில் இருந்தே ஓடவிட்டு வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.