உலகச் சிறுகதைகளுக்கு புராஜெக்ட் குட்டன்பெர்க் போதுமா?

1971இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய இலவச இணைய நூலகம். கணக்குத் தொடங்க வேண்டாம். இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பை இறக்கிக்கொண்டு போனிலேயே படிக்கலாம்.

கதை பின்னும் வித்தையைக் கற்க அருமையான இடம். முதலில் பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் வைர நெக்லஸ் கதை (1884). இரவல் நகை தொலைகிறது, 36,000 பிராங்குக்கு மாற்று வாங்குகிறார்கள், பத்து வருடம் கடன் அடைக்கிறார்கள். தொலைந்த நகை அதிகம் போனால் 500 பிராங்க் பெறும் போலி என்பது கடைசி வரியில்தான் தெரிகிறது. கையோடு ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘மிசரி’யையும் (1886) படித்துவிடுங்கள், கான்ஸ்டன்ஸ் கார்னெட் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ‘தி ஸ்கூல்மிஸ்ட்ரஸ்’ தொகுதியில் இருக்கிறது. மகனைப் பறிகொடுத்த வண்டிக்காரர் அயோனாவுக்கு சவாரி வருபவர் யாரும் காது கொடுப்பதில்லை. கடைசியில் குதிரையிடம் சொல்கிறார். திருப்பமே கிடையாது, ஆனாலும் நெஞ்சை அழுத்துகிறது.

குறைகளும் உண்டு. பெரும்பாலும் அமெரிக்கப் பதிப்புரிமை முடிந்தவைதான் கிடைக்கும் என்பதால் போர்ஹேஸ், ருல்போ போன்ற இருபதாம் நூற்றாண்டு லத்தீன் அமெரிக்க எழுத்தாளர்களை இங்கே தேட வேண்டாம். பழைய ஆங்கில மாப்பசான் தொகுப்புகள் சிலவற்றில் அவர் எழுதாத கதைகளும் கலந்திருக்கின்றன. பிரெஞ்சுத் தலைப்பைச் சரிபார்த்துவிட்டுப் படியுங்கள்.