1880-க்கும் 1900-க்கும் நடுவே: மத்திய சென்சஸா, மாநில சென்சஸா?

அமெரிக்காவின் நடுமேற்கில் நிலம் வாங்கி உழுத நார்வே, ஸ்வீடன், ஜெர்மனிக் குடும்பங்களின் வேரைத் தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்பது மத்திய அரசின் பத்தாண்டு சென்சஸில்தான். என் கணவரின் முன்னோர் நார்வேயிலிருந்து மினசோட்டாவுக்கு வந்த விவசாயிகள், நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். இன்று யாராவது கேட்டால் மாநில சென்சஸை முதலில் திறந்து பாருங்கள் என்பேன், அதுவும் 1880-களில் வந்தவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

மத்திய சென்சஸின் அருமை எல்லாருக்கும் தெரியும். 1880-லிருந்து குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று இருக்கும். 1900-ல் பிறந்த மாதம், நாட்டுக்கு வந்த வருடம், குடியுரிமை வாங்கியாயிற்றா, பண்ணை சொந்தமா குத்தகையா என்பதெல்லாம் வந்துவிடும். ஃபேமிலிசர்ச் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். சரி.

ஆனால் 1890 இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டன் வணிகத்துறைக் கட்டடத்தில் பிடித்த தீயில் கொஞ்சம் எரிந்தது, தண்ணீரில் நனைந்து கிடந்ததைப் பிற்பாடு அரசே அழித்துவிட்டது. 6 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவில் தப்பியது ஏறக்குறைய 6,000 பெயர்கள். நார்வேயிலிருந்து ஆட்கள் அலையலையாக வந்த காலமே 1880-கள்தான், அந்தக் குடும்பங்கள் முதல் தடவையாக உங்கள் கண்ணில் படுவது 1900-ல், அதற்குள் பிள்ளைகளே கல்யாண வயதில் நிற்பார்கள். இதில் நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயரையே ஒட்டிக்கொள்ளும் வழக்கம் வேறு. ஓல்சன் என்றால் ஓலேயின் மகன், ஒரே கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) எத்தனை ஓலே ஓல்சன்கள் என்று எண்ணி மாளாது.

இந்த ஓட்டையை மினசோட்டாவின் 1885, 1895 மாநில சென்சஸ்கள் அடைக்கின்றன. 1895-ல் ஒரு கேள்வி இருக்கிறது, எனக்கு எல்லாவற்றையும் தீர்த்துவைத்தது அதுதான்: இந்த மாநிலத்தில் எத்தனை வருடம், எத்தனை மாதம் இருக்கிறீர்கள், இந்த வட்டாரத்தில் எத்தனை? எங்கள் ஆளுக்கு மத்திய சென்சஸ் 1900-ல் வந்த வருடம் 1882 என்றது, 1910-ல் 1881, 1920-ல் 1883. கேட்கும்போது வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார் போல. 1895 பதிவில் மாநிலத்தில் 12 வருடம் 1 மாதம், வட்டாரத்தில் 9 வருடம். கழித்துப் பார்த்தால் மினசோட்டாவுக்குள் வந்தது 1883 வசந்தத்தில். மூத்த பையன் விஸ்கான்சினில் பிறந்தவன், ஆக அதற்கு முன்பே அமெரிக்காவில் இருந்திருக்கிறார்கள், அமெரிக்காவுக்கே வந்தது 1883-ல் என்பது அடிபட்டுப் போகிறது. 1886-ல் இடம் மாறியதால்தான் 1885-ல் அந்த டவுன்ஷிப்பில் (கவுண்டிக்குள் வரும் சின்ன வட்டாரம்) அவர்களைக் காணவில்லை, பக்கத்துக் கவுண்டியில் கிடைத்தார்கள். கூடவே ஒரு வயதுப் பெண் குழந்தை ஒன்று, 1895 பட்டியலில் அது இல்லை. 1900-ல் அம்மாவின் வரியில் பெற்றது 8, உயிரோடு 7 என்று மட்டும் இருக்கும். அந்த எட்டாவது யார் என்பதற்குப் பெயர் கிடைத்தது 1885-ல்தான்.

மாநில சென்சஸிலும் குறை உண்டு. மினசோட்டா 1885-ல் உறவுமுறை எழுதவில்லை, வயதையும் வரிசையையும் வைத்து நாமே ஊகிக்க வேண்டும். மத்திய சென்சஸையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டால்தான் வேலை ஆகும்.

மூன்றாவதாக, சென்சஸோடு சேர்த்து எடுத்த விவசாய அட்டவணை ஒன்று உண்டு, படிக்க அவ்வளவு ருசி: எத்தனை கறவை மாடு, எத்தனை புஷல் (தானிய அளவு) கோதுமை, வீட்டில் எவ்வளவு வெண்ணெய் எடுத்தார்கள் என்று எல்லாம் இருக்கும். ஆனால் மத்திய அட்டவணைகளில் கையில் இருப்பது 1850 முதல் 1880 வரைதான், 1900, 1910-க்கானவற்றையும் அழித்துவிட்டார்கள். 1880-க்கு முன்பே வந்து காலூன்றிய குடும்பம் என்றால் விடாதீர்கள். எங்களுக்கு உதவவில்லை.

நான் கை வைத்தது மினசோட்டா மட்டும்தான், அதனால் மற்ற மாநிலங்களுக்கு இதே தீர்ப்பை அடித்துச் சொல்ல மாட்டேன், எல்லா மாநிலங்களும் இப்படி எடுக்கவும் இல்லை. விஸ்கான்சின் 1905-க்கு முன் குடும்பத் தலைவர் பெயரை மட்டும்தான் எழுதியது. அயோவா 1925-லோ பெற்றோர் பெயரும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் வரை கேட்டிருக்கிறார்கள். உங்கள் ஆட்கள் நெப்ராஸ்காவிலோ டகோட்டாவிலோ இருந்தால் 1885-ஐத் தேடுங்கள், மத்திய அரசின் பண உதவியோடு எடுத்தது, விவசாய அட்டவணையும் சேர்ந்தே இருக்கும்.