மழை நாளில் ஹாங்காங்: கவுலூன் பக்கமா, தீவுப் பக்கமா?

ஜூனில் ஹாங்காங் போகாதே என்று எல்லோரும் சொல்வார்கள். காரணம் இல்லாமல் இல்லை. அந்த ஒரு மாதத்தில் மட்டும் அங்கே சராசரியாக 490 மி.மீ. மழை பெய்கிறது, சென்னைக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது அப்போதுதான் என்றால் என்ன செய்வது? முதுகில் ஆளுக்கொரு பையோடு போய் இறங்கியாயிற்று. வெளியே கொட்டுகிறது. அறையோ, ஒருவர் பையைத் திறந்தால் மற்றவர் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டிய அளவு. எங்காவது கிளம்பியே ஆக வேண்டும்.

நகரம் துறைமுகத்தின் இரண்டு கரையிலும் விரிந்து கிடக்கிறது. வடக்கே கவுலூன், தெற்கே ஹாங்காங் தீவு. வெயில் நாளில் இங்கும் அங்கும் இஷ்டம்போல் போய்வரலாம். மழை நாளில் ஒரு கரையைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம். எந்தக் கரை என்பதில்தான் எங்கள் வீட்டில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. அவருக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். எனக்கு நல்ல இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். எழுதுவது நான் என்பதால் தீர்ப்பில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம்.

கரையைத் தீர்மானிக்கும் முன்னால் மழையைத் தீர்மானியுங்கள். ஹாங்காங் வானிலை ஆய்வகம் மழைக்கு மூன்று நிறத்தில் எச்சரிக்கை விடுகிறது. மணிக்கு 30 மி.மீ. தாண்டினால் மஞ்சள், 50 தாண்டினால் சிவப்பு, 70 தாண்டினால் கறுப்பு. அவர்களுடைய செயலியைக் கைபேசியில் போட்டுக்கொண்டால் நிறம் மாறும்போதெல்லாம் தகவல் வந்துவிடும். கறுப்பு என்றால் எந்தக் கரையும் வேண்டாம், இருந்த இடத்திலேயே இருங்கள். 2023 செப்டம்பர் 7 இரவு பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் 158.1 மி.மீ. கொட்டியது. 1884இல் பதிவு தொடங்கியதிலிருந்து அதுவரை ஒரு மணி நேரத்தில் அவ்வளவு பெய்ததில்லை. அந்த மாதிரி மழையில் குடை ஓர் அலங்காரப் பொருள்தான்.

நனையாமல் நடப்பது என்று பார்த்தால் தீவுப் பக்கம் போட்டியே இல்லாமல் ஜெயிக்கும். சென்ட்ரல் பகுதியில் கட்டடத்துக்குக் கட்டடம் மேல்தளப் பாலம் போட்டு இணைத்திருக்கிறார்கள். 1965இல் ஓர் ஓட்டலையும் பக்கத்து வணிகக் கட்டடத்தையும் இணைத்து ஒரு பாலம் கட்டினார்கள். அது அப்படியே கிளைவிட்டு இன்று ஒரு தனி ஊராகவே வளர்ந்து நிற்கிறது. படகுத்துறையில் ஏறினால் ஐஎஃப்சி கட்டடம் வழியாக, 1939இல் கட்டிய பழைய சென்ட்ரல் மார்க்கெட்டைக் கடந்து, மலைச்சரிவில் ஏறும் மிட்-லெவல்ஸ் எஸ்கலேட்டர் வரைக்கும் தரையில் கால் வைக்காமல் போய்விடலாம்.

அந்த எஸ்கலேட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1993இல் திறந்தது. மொத்தம் 800 மீட்டர் நீளம், 135 மீட்டர் உயரம், காசு கிடையாது. காலை பத்து மணி வரை கீழ்நோக்கி மட்டும் ஓடும், மேலே குடியிருப்பவர்கள் வேலைக்கு இறங்க. அதன் பிறகு நள்ளிரவு வரை மேல்நோக்கி. கூரை உண்டு, பக்கச் சுவர் கிடையாது. அதனால் இருபுறமும் இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி வாழ்க்கை நம் கண்மட்டத்தில் நகர்ந்துபோகும்: முடிதிருத்தும் கடை, தையல்காரர், பால்கனியில் மழைக்கு நடுவிலும் காயப்போட்டிருக்கும் சட்டைகள். சாரல் அடித்தால் ஒரு தோள் நனையும். அவர் வேண்டுமென்றே சாரல் பக்கம் நிற்பார்; எனக்காக என்று சொல்லிக்கொள்வார், வேடிக்கை பார்க்க அந்தப் பக்கம்தான் வசதி என்பது எனக்கும் தெரியும்.

கவுலூன் பக்கம் இதற்கு ஈடாக எதைச் சொல்வது? சிம் ஷா சுய், கிழக்கு சிம் ஷா சுய் ஆகிய இரண்டு ரயில் நிலையங்களையும் இணைக்கும் சுரங்கப்பாதைகள் இருக்கின்றன. நனையாது, ஆனால் பார்க்க விளம்பரப் பலகையைத் தவிர ஒன்றுமில்லை. ஹார்பர் சிட்டி என்ற பெரிய மால் படகுத்துறையிலிருந்து கான்டன் ரோடு நெடுகப் போகிறது. பணம் செலவழிக்க வந்தவர்களுக்கு அது சரி. வடக்கே சாம் ஷுய் போ பக்கம் பழைய கடைவீடுகளின் முன்தாழ்வாரத்துக்கு அடியில் கொஞ்ச தூரம் தப்பிக்கலாம். தாழ்வாரம் முடிகிற இடத்தில் தலைக்கு மேலே வரிசையாக ஏசி பெட்டிகள். மழை நின்ற பிறகும் அவை சொட்டிக்கொண்டுதான் இருக்கும். நாதன் ரோடு நடைபாதையில் இரண்டு பேர் ஒரே குடையில் போவது சினிமாவில்தான் நடக்கும். எதிரே வருகிற ஐம்பது குடைகளின் கம்பியும் கண்ணுக்கு நேராகத்தான் வரும். ஆளுக்கொரு குடை எடுத்துக்கொண்டு முன்னும் பின்னுமாகப் போங்கள்.

உட்கார்ந்தபடி ஊர் பார்க்க என்றால் தீவில் டிராம். 1904இலிருந்து ஓடுகிறது, எல்லாமே இரட்டை மாடி. பின்பக்கம் ஏறி, இறங்கும்போது முன்பக்கம் காசு போட வேண்டும். எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், மூன்று ஹாங்காங் டாலர் சொச்சம். நம் கணக்கில் நாற்பது ரூபாய்க்குள் மேற்கே கென்னடி டவுனிலிருந்து கிழக்கே ஷாவ் கெய் வான் வரை மேல்மாடி முன்சீட்டில் ஊர்வலம் போகலாம். ஒரு சங்கடம்: பெரும்பாலான டிராம்களில் ஏசி கிடையாது. மழைக்காக எல்லோரும் ஜன்னலை மூடிவிட்டால் உள்ளே புழுங்கும். லேசாகத் திறந்துவைத்து முழங்கை நனைவதைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

இதற்கு நேர் எதிராகக் கவுலூனைச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஸ்டார் ஃபெர்ரி இரண்டு கரைக்கும் பொது. ஆனால் மழையில் அதைக் கவுலூனிலிருந்து ஏற வேண்டும். சென்ட்ரல் கட்டடங்கள் இடுப்புக்கு மேலே மேகத்தில் காணாமல் போயிருக்க, நீங்கள் அதை நோக்கிப் போவீர்கள். சாய்மானத்தை முன்னும் பின்னும் புரட்டிப்போடலாம் என்பதால் படகு எந்தப் பக்கம் போனாலும் முன்நோக்கி உட்காரலாம். பத்து நிமிடம், பத்து டாலருக்கும் குறைவு. இந்தப் படகுச் சேவையைத் தொடங்கியவர் டோராப்ஜி நௌரோஜி மிட்டாய்வாலா என்ற பார்சி. ஓர் இந்தியர் போட்ட வழி இது என்பது படகில் வரும் பலருக்குத் தெரியாது. புயல் எச்சரிக்கை எட்டாம் எண்ணுக்குப் போனால் படகும் நிற்கும், டிராமும் நிற்கும். எந்தக் கரையில் மாட்டினால் பரவாயில்லை என்று அப்போது யோசிக்க நேரமிருக்காது, அதனால் அறை இருக்கிற கரைக்கு முன்கூட்டியே திரும்பிவிடுங்கள்.

அறை பெரும்பாலும் கவுலூனில்தான் இருக்கும், விலை அப்படி. முதுகுப்பைக்காரர்கள் காலங்காலமாகப் போய் விழும் சுங்கிங் மேன்ஷன்ஸ் நாதன் ரோட்டில் இருக்கிறது. 1961இல் கட்டிய 17 மாடிக் கட்டடம், ஐந்து பிளாக், லிஃப்ட் வரிசை எப்போதும் நீளம். தங்காவிட்டாலும் மழை நாளில் ஒருமுறை உள்ளே போய்வாருங்கள். நாணயம் மாற்றுகிறவர்கள், கைபேசிக் கடைகள், ஆப்பிரிக்க வியாபாரிகள், சமோசா வாசனை. நடுவில் எங்கிருந்தோ தமிழ் காதில் விழும். காயல்பட்டினத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாக இந்த ஊரில் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சிகரெட்டோடு கதவோரம் நின்ற ஒரு பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "என்னம்மா, குடை இல்லாமயா ஹாங்காங் வந்தீங்க?" என்றார். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவுலூனின் பெரிய பலம் இந்தக் கட்டடம்தான்.

மற்றபடி சாப்பாட்டில் வித்தியாசம் இல்லை. சா சான் டெங் என்ற டீக்கடை-உணவகங்கள் இரண்டு கரையிலும் உண்டு. நம் டீக்கடை மாஸ்டர் போலவே நீளமான துணி வடிகட்டியில் கறுக்கக் கறுக்க டீ இறக்கி, கெட்டிப் பால் ஊற்றித் தருவார்கள். கூட்டமாக இருந்தால் யாரோடாவது மேசையைப் பகிர்ந்துகொள்ளச் சொல்வார்கள். தம்பதி என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். குடித்துவிட்டு மழை நிற்கட்டும் என்று அங்கே குந்தியிருக்கவும் முடியாது.

காசில்லாமல் நாள் முழுக்க உள்ளே இருக்கத் தீவில் தாய் குவுன். பழைய போலீஸ் தலைமையகமும் விக்டோரியா சிறையும் சேர்ந்த வளாகம், 2018இல் கலை மையமாகத் திறந்தது. எஸ்கலேட்டரிலிருந்தே பாலம் இருக்கிறது. 1931இல் ஹோ சி மின்னை அடைத்துவைத்த சிறை இது. அறைகளுக்குள் நுழைந்து பார்க்கலாம். எங்கள் விடுதி அறையோடு ஒப்பிட்டு அவர் அடித்த ஜோக்கை இங்கே எழுத முடியாது. கவுலூனில் கலை அருங்காட்சியகம், நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை, வியாழன் விடுமுறை. அதன் கண்ணாடிச் சுவர் ஓரம் துறைமுகத்தைப் பார்த்து உட்காரலாம். 2021இல் திறந்த எம் பிளஸ் அருங்காட்சியகம் கட்டணம் கேட்கும், ஆனால் டோக்கியோவிலிருந்து ஒரு முழு சுஷிக் கடையையே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இரண்டில் எதற்குப் போனாலும் ஏசி கடுங்குளிர், நனைந்த சட்டையோடு போகாதீர்கள். ஒரு மாற்றுச் சட்டை பையில் இருக்கட்டும்.

கணக்குப்படி இதுவரை தீவுதான் முன்னால். ஆனால் கவுலூன் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது. டயமண்ட் ஹில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சி லின் பிக்குணி மடம். 1998இல் டாங் வம்சக் கட்டடக் கலையில் மறுபடி கட்டியது. இரும்பு ஆணி இல்லாமல் மரத்தை மரத்தோடு பொருத்தி எழுப்பியிருக்கிறார்கள். கட்டணம் இல்லை. மழையில் கறுத்த ஓட்டுக் கூரையின் விளிம்பு நெடுகச் சரம் சரமாகத் தண்ணீர் இறங்கும், தாமரைக் குளத்தில் இலைகள் தண்ணீரை ஏந்தி ஏந்திக் கவிழ்க்கும். முற்றத்தைச் சுற்றிக் கூரையிட்ட தாழ்வாரம் இருப்பதால் நனையாமல் சுற்றிவரலாம். வெயில் நாளில் இதைப் பார்ப்பவர்கள் பாதிதான் பார்க்கிறார்கள் என்பேன். எதிரே நான் லியான் தோட்டத்தில், அருவிக்குப் பின்னால் ஒரு சைவ உணவகம். தண்ணீரின் திரை வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம்.

ஆக, மஞ்சள் எச்சரிக்கை என்றால் தீவு. சிவப்பு என்றால் கவுலூன்: அருங்காட்சியகம், இல்லாவிட்டால் சுங்கிங் மேன்ஷன்ஸ், எதுவானாலும் அறைக்குப் பக்கம். எச்சரிக்கையே இல்லாமல் விட்டு விட்டுத் தூறினால் சி லின். ஒரே ஒரு மழை நாள்தான் கையில் இருக்கிறது என்கிறவர்களுக்கு அவர் தீவைச் சொல்வார், நான் சி லின்னைச் சொல்வேன்.

விக்டோரியா பீக்கை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. மழையில் மேலே போனால் வெள்ளைத்தாளைத்தான் பார்க்கலாம், அதற்கு மலை ரயில் டிக்கெட் வேறு. ஆனால் மதியத்துக்கு மேல் மழை நின்று வானம் வெளுத்தால், எந்தக் கரையில் என்ன செய்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு சென்ட்ரலுக்கு வந்து 15ஆம் எண் பேருந்தைப் பிடியுங்கள். மழை கழுவிவிட்ட அன்றைக்குத்தான் அங்கிருந்து தூரத்து மலைகள் வரை தெரியும். மேல்மாடியில் இடது பக்க சீட்டா வலது பக்க சீட்டா என்பதை வண்டிக்குள் போய்ச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.