ஃபைவர்: புதிதாக எழுத வருபவர்களுக்குக் கட்டுப்படியாகுமா?

எழுதிச் சம்பாதிப்பது பற்றி யூடியூபில் தேடினால் முதலில் வந்து நிற்கும் பெயர்களில் ஒன்று ஃபைவர். எழுத்து, மொழிபெயர்ப்பு போன்ற வேலைகளை இணையத்திலேயே விற்கவும் வாங்கவும் 2010இல் இஸ்ரேலில் தொடங்கிய தளம். கணக்குத் திறக்கக் காசு கிடையாது. ‘இந்த வேலையை இந்த விலைக்குச் செய்து தருகிறேன்’ என்று கடை விரித்து வைக்க வேண்டும். அதற்கு கிக் என்று பெயர். வேண்டியவர் தேடி வந்து ஆர்டர் கொடுப்பார். வாங்குபவர்கள் தங்களுக்கு வேண்டிய வேலையை அறிவிக்கும் ‘பையர் ரிக்வெஸ்ட்’ பகுதியில் நாள்தோறும் விண்ணப்பம் போடுங்கள் என்று பழைய வீடியோக்கள் சொல்வதைத் தேடி அலைய வேண்டாம், அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள்.

காசுக் கணக்கைப் பார்த்துவிடலாம். குறைந்தபட்ச விலை 5 டாலர். எந்த விலை வைத்தாலும் 20 சதவீதம் தளத்துக்குப் போகும். வாடிக்கையாளர் மனமுவந்து தரும் டிப்ஸிலும் அதே 20. ஆக, 10 டாலர் வேலைக்குக் கையில் நிற்பது 8. வாங்குபவரிடமும் 5.5 சதவீதம் தனியாகப் பிடிக்கிறார்கள். சின்ன ஆர்டர் என்றால் அதற்கு மேலும் ஒரு கட்டணம் உண்டு. அதனால் 5 டாலர் வேலை அவருக்கும் 5 டாலரில் முடிவதில்லை. அடிமாட்டு விலை வைத்தால் ஆள் வரும் என்ற கணக்கு இங்கே பாதிதான் பலிக்கும்.

பணம் கைக்கு வர ஆகும் நாள்தான் புதியவர்களை அதிகம் சோதிக்கிறது. 1ஆம் தேதி வேலையை ஒப்படைக்கிறீர்கள், வாங்கியவர் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று வையுங்கள். மூன்று நாள் கழித்து, 4ஆம் தேதி, ஆர்டர் தானாக முடிந்ததாகக் கணக்காகும். அதிலிருந்து 14 நாள் நிறுத்திவைப்பு. 18ஆம் தேதிக்குப் பிறகுதான் பணத்தை எடுக்க முடியும். இந்த மாத வாடகைக்கு இதை நம்பக் கூடாது.

ஆங்கிலத்தில் ‘எந்தத் தலைப்பிலும் கட்டுரை எழுதுவேன்’ என்று கிக் போட்டால் கடை விரித்தும் கொள்வாரில்லை கதைதான். அந்த வேலையில் பெரும்பங்கை ஏஐ கருவிகள் வாங்கிக்கொண்டன. மிச்சமிருப்பதற்கும் ஆயிரக்கணக்கான மதிப்புரையோடு பழையவர்கள் முன்னால் நிற்கிறார்கள். தலைப்புக்கு 80 எழுத்து, விவரத்துக்கு 1200 எழுத்து, தேடல் சொற்கள் 5. இவ்வளவுதான் இடம். எனவே ஒரே ஒரு துறையைச் சொல்லுங்கள்: பல் மருத்துவமனைக்கான இணையப் பக்கம், சமையல் பொருள் விவரம், இப்படி. அதே துறையில் எழுதிய மாதிரியை பிடிஎஃப் ஆக இணையுங்கள்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்தத் தளத்தில் உண்மையான இடம் ஆங்கிலம்–தமிழ் வேலைகளில்தான்: மொழிபெயர்ப்பு, கணினி மொழிபெயர்த்ததைத் திருத்துவது, வீடியோ வசனவரி, ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது. ஆர்டர் குறைவு, போட்டியும் குறைவு. இங்கே விலை வைப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘ஐ வில் கம் டு யுவர் ஹவுஸ்’ ஆறு சொல். ‘உங்கள் வீட்டுக்கு வருவேன்’ மூன்று. வேற்றுமை உருபு, துணைவினை எல்லாம் ஒட்டிக்கொள்வதால் தமிழில் சொல் எண்ணிக்கை பெரும்பாலும் சுருங்கும். ‘500 சொல்லுக்கு இவ்வளவு’ என்று மட்டும் எழுதி வைத்தால், வாங்குபவர் தமிழ்ச் சொல்லை எண்ணிப் பேரம் பேசுவார். மூல ஆங்கிலச் சொற்களின் கணக்கு என்று கிக்கிலேயே எழுதிவிடுங்கள்.

கோப்பை யூனிகோடில்தான், அதாவது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டில்தான், தர வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தந்தால் வாங்குபவர் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். சரியாகக் கொடுத்தபிறகும் ‘எழுத்து உடைந்திருக்கிறது’ என்று புகார் வரும். பெரும்பாலும் அவருடைய டிசைனர், இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் அமைப்பை இயக்காமல் ஒட்டியிருப்பார், கொம்பு இடம் மாறி நிற்கும். வேர்ட் கோப்போடு, சரியான தோற்றத்தைக் காட்ட ஒரு பிடிஎஃப்பும் சேர்த்து அனுப்பினால் வீண் திருத்தச் சுற்று மிச்சம். திருத்தச் சுற்று இரண்டுக்கு மேல் இலவசமாகத் தராதீர்கள். ‘அன்லிமிடெட்’ என்று போடுவது உங்கள் தலையில் நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கொள்வது.

கிக் வெளியான சில மணி நேரத்திலேயே ‘டெலிகிராமில் பேசலாம்’ என்று செய்தி வரும். முதல் வாடிக்கையாளர் என்று மகிழ வேண்டாம், மோசடி. தளத்துக்கு வெளியே தொடர்பு கொண்டாலே கணக்கு முடங்கலாம். கல்லூரி அசைன்மென்ட் எழுதித் தருவதும் தடை. கெடு நெருங்கும்போது நேரத்தை நிறுத்த வெற்றுக் கோப்பை ஒப்படைப்பதும் விதிமீறல்தான். கூடுதல் நாள் கேட்டுக் கோரிக்கை அனுப்ப வழி இருக்கிறது. ஏஐ எழுதியது என்று ஆர்டரை ரத்து செய்யப் பார்ப்பவர்களும் உண்டு. கூகுள் டாக்ஸில் எழுதினால் திருத்த வரலாறே சாட்சி.

விற்பவர்களைத் தளம் தரம் பிரிக்கும் நிலைகளில் முதல் நிலைக்கு (லெவல் 1) உயர 5 ஆர்டர், 3 வெவ்வேறு வாடிக்கையாளர், 400 டாலர் வருமானம், 4.4 மதிப்பீடு, 90 சதவீதப் பதில் விகிதம், உங்கள் வேலையை வைத்துத் தளமே போடும் வெற்றி மதிப்பெண் 5 வேண்டும். இதில் 400 டாலர்தான் இழுக்கும்: 10 டாலர் வேலையாகவே வந்தால் குறைந்தது 40 ஆர்டர். உயர்ந்தாலும் அந்த 14 நாள் குறையாது.

பணத்தை பேயோனியர் அல்லது பேபால் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாக எடுக்கலாம். கணக்கில் உள்ள பெயர் பான் அட்டை, வங்கிக் கணக்கு இரண்டோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் விரித்தும் சுருக்கியும் எழுதும் நம் பழக்கத்தால் சரிபார்ப்பு இங்கேதான் மாட்டும். குறைந்த வரவுள்ள கணக்குக்கு பேயோனியர் ஆண்டுக் கட்டணம் பிடிப்பதுண்டு, விதிமுறையைப் படித்துவிட்டுத் திறங்கள். எடுக்கும்போது கட்டணம் பிடிக்கக்கூடும் என்பதால் 8 டாலரையும் 16 டாலரையும் உடனுக்குடன் எடுக்காமல் சேர்த்து எடுங்கள். வெளிநாட்டுப் பண வரவுச் சான்றை வருமான வரிக் கணக்குக்காகப் பத்திரப்படுத்துங்கள்.