பழைய என்எஸ்எக்ஸ், புதிய என்எஸ்எக்ஸ்: வருடக்கணக்கில் வைத்து ஓட்டினால்

ஹோண்டா என்எஸ்எக்ஸ் பெயரில் இரண்டு தலைமுறைக் கார்கள் உண்டு. 1990 முதல் 2005 வரை வந்தது ஒன்று, 2016 முதல் 2022 வரை வந்தது இன்னொன்று. பழைய சூப்பர்கார் நல்லதா, புதியதா என்ற சண்டைக்கு இவற்றைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. கம்பெனியும் பெயரும் ஒன்று, எஞ்சின் இருக்கும் இடமும் ஒன்று. மற்றதெல்லாம் வேறு.

பழையதில் உட்கார்ந்ததும் முதலில் உறைப்பது பார்வை. டேஷ்போர்டு தாழ்ந்து கிடக்கும், முன்கண்ணாடியைத் தாங்கும் தூண்கள் மெல்லியவை, பின்னால் திரும்பினாலும் சாலை தெரியும். எஃப்-16 போர் விமானத்தின் கண்ணாடிக் கூண்டை மனதில் வைத்து வடிவமைத்தது இது. அகலம் 1,810 மி.மீ. என்பதால் குறுகலான தெருவில் பயமில்லை. புதியது 1,940 மி.மீ. இதிலும் முன் தூண்களை மெலிதாக்க ஹோண்டா தனியாக மெனக்கெட்டிருக்கிறது. முன்பார்வையில் இன்றைய சூப்பர்கார்கள் பலவற்றைவிட இது மேல். பின்பார்வைதான் சுமார்.

ஓட்டுவதில் பழையதன் 3.0 லிட்டர் வி6 எஞ்சினுக்கு 270 குதிரைத்திறன், 8,000 ஆர்பிஎம் வரை போகும். இன்றைக்கு அந்த எண் பெரிதல்ல. அலுமினிய உடல் என்பதால் எடை சுமார் 1,350 கிலோதான். ஆரம்பகால மேனுவல் வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. பார்க்கிங்கில் கை வலிக்கும், வேகம் பிடித்தபின் முன்சக்கரம் மிதிப்பது ஜல்லியா தாரா என்று உள்ளங்கைக்குத் தெரியும். மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கோர்டன் மர்ரே இதை அளவுகோலாக வைத்துக்கொண்டது சும்மா இல்லை.

குறையும் உண்டு, பக்தர்கள் சொல்ல மாட்டார்கள். அமெரிக்க ஐந்து கியர் வண்டியில் இரண்டாவது கியர் ரொம்ப நீளம், மணிக்கு 130 கி.மீ. வரை இழுக்கும். முதல் கியரை முழுக்க இழுத்து மாற்றினால் ஆர்பிஎம் 4,500 பக்கம் விழும். அதிக ஆர்பிஎம்மில் வால்வுகளை இன்னும் அகலமாகத் திறந்து பலம் கூட்டும் விடெக் விழிப்பதோ 5,800-ல். நடுவில் எஞ்சின் தூங்கிவிடும். இரண்டாவது கியர் குட்டையான ஜப்பான் கியர் செட்டைப் பலர் தேடிப் போவது இதனால்தான்.

இனி செலவு வைக்கும் இடங்கள். வெயிலில் ஓட்டி நிறுத்திய வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் மெயின் ரிலேயை, அதாவது பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சைப் பாருங்கள். சாவியை ஆன் செய்ததும் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகும். சத்தமே இல்லையென்றால் ரிலேக்குள் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். கழற்றி மறுபடி சால்டர் அடித்தால் போதும். ஏசி தாறுமாறாக நடந்தால் கட்டுப்பாட்டு போர்டில் கெப்பாசிட்டர் கசிகிறது என்று பொருள். தள்ளிப்போடாதீர்கள், கசிவு செம்புத் தடங்களை அரித்துவிட்டால் சில்லறை வேலை பெரிய வேலையாகிவிடும்.

டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். வண்டி ஓடாமல் நின்றாலும் ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை பெல்ட், வாட்டர் பம்ப் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதே வேலையில் கிராங்க் புல்லியின் ரப்பரையும் பாருங்கள், பிரிந்தால் பெல்ட்டையும் கூட்டிக்கொண்டு போகும். ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். நடுவில் நீளக் குழாய்கள். கூலன்ட் மாற்றும்போது காற்றுத் திருகுகள் ஒவ்வொன்றிலும் காற்றை வெளியேற்றாவிட்டால் எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போகும். ஆரம்ப வண்டிகளில் பின்டயர் 10,000 கி.மீ. கூடத் தாங்காது, பின்சக்கரங்களை உள்நோக்கித் திருப்பிய அலைன்மென்ட்தான் காரணம். பிற்கால அளவுக்கு மாற்றினால் ஆயுள் கூடும்.

வாங்கும்முன் கியர்பாக்ஸ் எண் பார்ப்பது கட்டாயம். 1003542 முதல் 1005978 வரையிலான ஐந்து கியர் பெட்டிகளில் பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் ஸ்னாப் ரிங் என்ற வளையம் உடையும் நோய் உண்டு. உடைந்த துண்டு பெட்டியையே தின்றுவிடும்.

புதியது வேறு உலகம். இரட்டை டர்போ 3.5 லிட்டர் வி6, மூன்று மின்மோட்டார், ஒன்பது கியர், மொத்தம் 573 குதிரைத்திறன், எடை 1,700 கிலோவுக்கு மேல். நெரிசலில் குவயட் மோடில் சத்தமில்லாமல் ஊரும். தினசரி ஓட்ட இதுவே சுகம், இதில் வாதம் வேண்டாம். வளைவில் முன்மோட்டார்கள் மூக்கை உள்ளே இழுக்கும். பிரேக் மிதியில் கால் உணர்வது திரவ அழுத்தத்தை அல்ல, அதைப் பாவனை செய்யும் கருவியை. பாவனை அருமை, ஆனாலும் பாவனைதான்.

பழையதற்கு மல்டிமீட்டரும் சால்டரிங் கருவியும் தெரிந்த மெக்கானிக் போதும். புதியதில் பிழைக் குறியீடு வந்தால் ஹோண்டாவின் ஸ்கேனர் இல்லாமல் நகராது. 12 வோல்ட் பேட்டரி இறங்கினாலே சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் வரிசையாக எரியும், ஆகவே நிறுத்தி வைக்கும்போது பேட்டரியைச் சார்ஜிலேயே வைத்திருக்கும் மெயின்டெய்னர் மாட்டியே வையுங்கள். பழையது 18,000-க்கு மேல் தயாரானது; ஜப்பானில் தொச்சிகியில் ஹோண்டாவே பிரித்துப் புதுப்பித்துத் தரும் திட்டமும் நடத்தியது. புதியது 3,000-க்கும் குறைவு. இன்னும் 15 வருடம் கழித்து இதன் மின்மோட்டார் யூனிட்டைச் சந்தையில் தேட வேண்டியவர்கள் இப்போதே விலையை அதற்கேற்பப் பேசிக்கொள்வது நல்லது.