பெயரா, பிஸ்கட் டின்னா, விசிலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட வீடுகளில் நாயைப் பெயர் சொல்லி அழைப்பார்கள், பிஸ்கட் டின்னைக் குலுக்குவார்கள், சிலர் விசில் ஊதுவார்கள். எங்கள் சின்ன நாய்க்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது விசில். யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

டின்னைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. வாசலில் நன்றாகவே பலிக்கும். செம்பனைக்குள் அதை யார் தூக்கிக்கொண்டு நடப்பது?

பெயருக்குக் காசு செலவில்லை. ஆனால் அது தேய்ந்துபோகும். கொஞ்சவும் அதே பெயர், அதட்டவும் அதே பெயர், குளிப்பாட்டப் பிடிக்கவும் அதே பெயர். பாட்டி ஒரு குரலில் கூப்பிடுவார், பிள்ளைகள் வேறு குரலில் கத்துவார்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி வரும்போது நாம் அலறினால், சின்ன நாய் மிரண்டு அங்கேயே படுத்துவிடும்.

விசிலுக்குக் கோபம் ஏறாது. யார் ஊதினாலும் ஒரே ஒலி. வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குள் எலி தேடித் தலையை நுழைத்திருக்கும் நாயையும் அது எட்டும். அதே எலியைத் தேடி நாகமும் வரும். மரத்தடியில் எலிமருந்தும் கிடக்கும். அந்த இடத்தில் தாமதத்துக்கு வழியில்லை.

எல்லாம் விசிலை எப்படிப் பேணுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. முதலில் வீட்டுக்குள், சோற்றுத் தட்டை வைக்கும் நேரத்தில் இரண்டு குட்டி ஊதல். அடுத்து வாசலில். அதன்பின் நீளக் கயிறு கட்டித் திடலில். வந்தவுடன், உப்பில்லாமல் அவித்த கோழி ஈரலில் நகத்தளவு ஒரு துண்டு. நன்றாகப் பழகிய பிறகும் இந்தக் கூலியை நிறுத்தக்கூடாது. குளிப்பாட்டவோ கட்டிப்போடவோ விசிலைத் தொடவே வேண்டாம். நாமே நடந்துபோய்த் தூக்கிக்கொள்ளலாம். வராத நாயைப் பார்த்து விடாமல் ஊதினால் விசிலும் பெயரைப் போலவே தேய்ந்துவிடும். பிள்ளைகள் விளையாட்டுக்கு ஊதாதபடி உயரத்தில் மாட்டிவையுங்கள்.

மனிதக் காதுக்குக் கேட்காத விசிலும் கடையில் கிடைக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. சரியாக ஊதினோமா என்று நமக்கே தெரியாது.

காட்டுப்பன்றியைத் துரத்தும் பெரிய நாய்கள் விசிலுக்குத் திரும்புமா என்று என்னால் உறுதி கூற இயலாது; நான் பழக்கியது முழங்கால் உயரம்கூட இல்லாத நாய். அதற்கும் லோரி ஓடும் சாலையில் கயிறுதான். அவிழ்த்துவிட்டு விசிலை நம்புவது திடலிலும் தோட்டத்துக்குள்ளும் மட்டுமே.