கேட்டமரன் எழுத்துரு: பெண்கள் திரைப்பட விழாவுக்குத் தாங்குமா?

பெண்கள் திரைப்பட விழாவுக்கு லோகோ என்றதும் இளஞ்சிவப்புப் பின்னணி, பக்கவாட்டில் ஒரு பெண்முகம், கூந்தலுக்குப் பதில் பிலிம் சுருள் என்று கிளம்பிவிடுகிறார்கள். விழாவின் பெயரை எழுத்தில் ஒழுங்காக நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. தமிழும் ஆங்கிலமும் அருகருகே வரவேண்டும் என்றால், இலவச எழுத்துருக்களில் முதலில் பார்க்கவேண்டியது பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரன். கூகுள் ஃபாண்ட்ஸில் இருக்கிறது. திறந்த உரிமம் என்பதால் போஸ்டர், டி-ஷர்ட், இணையதளம் எதற்கும் கட்டணம் கிடையாது.

100 (மிக மெலிது) முதல் 900 (மிகத் தடிமன்) வரை ஒன்பது கனங்கள், இரு மொழிக்கும். விழாப் பெயருக்கு 800, பிரிவுத் தலைப்புக்கு 600, கதைச்சுருக்கத்துக்கு 400 என்று ஒரே குடும்பத்திலேயே கையேட்டை முடித்துவிடலாம். சாய்வெழுத்து இல்லை, படத்தின் பெயரைத் தனித்துக் காட்ட 600 போதும். மென்பொருள் தரும் போலிச் சாய்வைத் தமிழில் தொடவே வேண்டாம். கோடுகள் எல்லாம் ஒரே தடிமனில் ஓடுவதால், கையெழுத்தின் நெளிவை எதிர்பார்ப்பவர்களுக்கு இது கொஞ்சம் வறட்சியாகத் தெரியும்.

இடறுவது இரண்டு ஓரங்களிலும்தான். ‘பெண்கள்’ என்று 900இல் அடித்துப் பாருங்கள்: ண-வின் சுழிகளுக்குள் இடம் குறுகிவிடும், பேட்ஜ் அளவில் அச்சிட்டால் மை அடைத்துக்கொள்ளும். 100ஐ நான்கு அச்சு மைகளையும் கலந்த நான்கு நிறக் கறுப்பின்மேல் வெள்ளையாக விட்டால் இன்னும் மோசம். அச்சில் ஒரு நிறம் இம்மி நகர்ந்தாலும் ண், ள் இரண்டின் புள்ளிகளும் காணாமல் போகும். 10 பாயிண்டுக்குக் கீழே வெள்ளை எழுத்தென்றால் 500க்குக் கீழே இறங்காதீர்கள். வரி இடைவெளி 1.4 வையுங்கள், 1.2இல் மேல்வரியின் கூ கீழ்வரியின் கீ-யை இடிக்கக்கூடும்.

அடோபியின் வடிவமைப்பு மென்பொருள்களான இன்டிசைனிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும், இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘பெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இது எழுத்துருவின் குறையல்ல. ஆங்கிலத் தலைப்புக்குக் கொடுக்கும் அகலமான எழுத்து இடைவெளியைத் தமிழுக்கும் கொடுத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து திரியும்.

படத்துக்கு முன் ஓடும் விழா முத்திரைக் காட்சியில் எழுத்துகளை ஒவ்வொன்றாக நகர்த்தும்போதும் அதே ஆபத்து. முதலில் அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி, ‘பெ’, ‘ண்’ என்று முழு எழுத்தாகக் குழு கட்டிவிட்டுத்தான் அசைக்கவேண்டும். 2கே டிஜிட்டல் திரையிடலில் இரண்டு திரை அளவுகள்: ஃபிளாட் 1998×1080 பிக்சல், அதைவிட அகன்று தாழ்ந்த ஸ்கோப் 2048×858. இரண்டு வரிப் பெயர் ஃபிளாட்டில் தாராளமாக அமரும். ஸ்கோப்பில் 222 பிக்சல் உயரம் குறைவதால் ஒற்றை வரியில் தனி வடிவம் செய்தாகவேண்டும். ஒன்றையே வெட்டி ஒட்டினால் மேலே ண்-ணின் புள்ளி போய்விடும்.

தேர்வான படங்களுக்குத் தரும் இலைவளைய முத்திரைக்கு 700 நன்றாக நிற்கிறது. ‘அதிகாரப்பூர்வத் தேர்வு’ நீளம், இரண்டு வரியாக உடையுங்கள். இயக்குநரின் கணினியில் இந்த எழுத்துரு இருக்காது என்றே வைத்துக்கொண்டு, அவுட்லைன் செய்த வெக்டரும் பின்னணியில்லாத பிஎன்ஜியும், கறுப்பில் ஒன்று வெள்ளையில் ஒன்று என அனுப்பிவிடுங்கள்.